மருந்திட்டவரின் ஆறாத புண்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுத்துப் பேணுபவர் என்பன அந்த நான்கு. இக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் உரிய இயல்புகளை வகைப்படுத்தும்போது, அருகிருந்து பேணுபவருக்கு முதற்கண் வேண்டுவது நோயாளியிடத்து அன்புடைமை என்கிறார். சொன்னதைச் செய்யும் வன்மையும் அறிவும் அதற்குப் பின்னரே வருகின்றன.

அன்பு வேண்டும் என்று விதித்தால் உடனே மற்றொரு வினாவும் எழுகிறது. அந்த அன்புக்குரிய நோயாளி கைக்குள்ளேயே உயிர்விடும்போது பேணியவரின் உள்ளம் என்னாகும்? ‘இன்னும் சற்று முன்னதாக இதைச் செய்திருந்தால்’ என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொள்ளும்போது அதை அவர் யாரிடம் இறக்கி வைப்பார்?

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் இந்த வினாவுக்கு உரியவராக ஒரு மனிதர் இருந்தார். மூவர் பகிர்ந்து செய்யவேண்டிய பணி அவர் ஒருவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. நோயைக் கண்டறிந்தவரும் அவரே. மருந்தைக் கலந்தவரும் அவரே. இரவெல்லாம் அருகில் அமர்ந்திருந்தவரும் அவரே. ஆங்கிலேயர் அவரை ‘டிரசர்’ என்றழைத்தனர். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். நம் மக்கள் மரியாதை சேர்த்து ‘டிரசரையா’ என்றனர்.

நம் தோட்ட வரலாற்றை எழுதியோர் மாண்டவர்களை எண்ணியிருக்கிறார்கள். கப்பலேறி வந்தவர்களையும் திரும்பிச் சென்றவர்களையும் எண்ணியிருக்கிறார்கள். மாண்டவரின் பெயரை ஏட்டில் எழுதிய கை எவ்வாறு நடுங்கியது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. அந்தக் கையைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடழிந்த மண்ணில்

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டது 1877ஆம் ஆண்டில். அந்தக் கன்றுகள் காட்டை விழுங்கும் பெருந்தொழிலாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மோட்டார் வண்டிகள் பெருகின. ரப்பருக்கு விலை ஏறியது. கிந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய நிலம் போக எஞ்சியிருந்த சரிவுகளிலும், கீழ்ப்பேராக்கின் தாழ்நிலங்களிலும், சுங்கை சிப்புட், தாப்பா, சிலிம் பகுதிகளின் மலையடிவாரங்களிலும் காடு வெட்டப்பட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910இல் இந்தியர்க்கு ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டு, கங்காணி முறையே முதன்மை பெற்றது. தமிழகத்து ஊர்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இம்மலையடிவாரங்களுக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களை வரவேற்றது குளிர்காய்ச்சல். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்திருந்தார். அதன் அடிப்படையில், சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். தாழ்நிலத்தில் அம்முறை நற்பயன் தந்தது. ஆனால் மலைப்பாங்கான நிலத்தில் கதை வேறாயிற்று. அங்கே காட்டை வெட்டி ஓடைகளைத் துப்புரவாக்கி வெயில்படச் செய்த இடங்களிலேயே காய்ச்சல் மிகுந்தது. வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் கொசு வகை ஒன்று அங்கே இருந்ததே காரணம். நிழல் இருந்தவரை அடங்கியிருந்த அந்தக் கொசு, நன்மை கருதிச் செய்த செயலாலேயே பெருகியது. பின்னர் நிலத்தடி வடிகுழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வந்தபிறகே மலைத்தோட்டங்களில் நிலைமை மாறத் தொடங்கியது.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. வாட்சன் தம் அனுபவங்களை 1911இல் நூலாக வெளியிட்டார். 1921இல் விரிவாக்கி மறுபதிப்புச் செய்தார். எந்த முறை எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்பதை அவரால் நூலில் வெளிப்படையாக எழுத முடிந்தது. தோல்வியை எழுதும்போது அது பாடமாகிறது. பாடமான தோல்வி மனத்தை அவ்வளவாக அரிப்பதில்லை. அத்தகைய வாய்ப்பு, அதே தோட்டங்களில் அதே நோயாளிகளின் கட்டிலருகே நின்ற டிரசருக்குக் கிட்டவில்லை. அவருக்குக் கிட்டியது நோயாளர் பெயரேடு ஒன்றே. அதில் பெயர், வயது, நோய், முடிவு என்பவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது.

டிரசரையா

தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமை என்று காலனித்துவக் காலத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. பெரிய தோட்டங்கள் சொந்த மருத்துவமனை வைத்திருந்தன. சிறிய தோட்டங்கள் சில கூடி ஒரு பொது மருத்துவமனை வைத்துக்கொண்டன. பட்டம் பெற்ற மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறையோ, அதனினும் அரிதாகவோ வந்து பார்த்துவிட்டுப் போவார். எஞ்சிய நாள்களுக்கும் எல்லா இரவுகளுக்கும் டிரசரே பொறுப்பு.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே அவர் வேலை தொடங்கிவிடும். நோய் என்று நிற்பவருள் உண்மையில் நோயுற்றவர் யார், வேலைக்கு அஞ்சி நிற்பவர் யார் என்று அவர் பிரித்துச் சொல்லவேண்டும். நோய் என்று எழுதினால் துரை முகம் சுளிப்பார். நோயில்லை என்று எழுதினால் லயத்தார் வெறுப்பர். அதன்பின் கொயினா கொடுத்தல், புண்ணைக் கழுவிக் கட்டுதல், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து ஊட்டுதல், ஆயாக்கொட்டகையைப் பார்வையிடுதல், குடிநீர்க் கிணற்றையும் கழிவுக் கால்வாயையும் சோதித்தல், பிள்ளைப்பேறு வந்தால் மருத்துவச்சிக்குத் துணைநிற்றல் என்று பகல் கழியும்.

இத்தனைக்கும் நடுவில் அவரை வாட்டிய முடிவு ஒன்றுண்டு. எந்த நோயாளியைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வது, எவரை ஈப்போவுக்கோ பத்து காஜாவுக்கோ தைப்பிங்குக்கோ தெலுக் அன்சனுக்கோ அனுப்புவது என்பதே அது. இன்று தெலுக் இந்தான் என வழங்கும் அவ்வூர் உள்ளிட்ட இந்நகரங்களில்தான் அறுவை மருத்துவமும் குருதியேற்றும் வசதியும் இருந்தன. அனுப்புவதற்கு வண்டி வேண்டும். வண்டிக்கு அலுவலகத்தின் இசைவு வேண்டும். தேவையின்றி அனுப்பிவிட்டால் செலவுக்குக் கணக்குக் கேட்பார்கள். அனுப்பத் தாமதித்தால் ஓர் உயிர் போகும். முடிவெடுக்கும் பொறுப்பு இருந்தது. முடிவை நிறைவேற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. உள்ளத்தைச் சிதைப்பதற்கு இதனினும் பொருத்தமான ஏற்பாட்டை எவரும் வேண்டுமென்றே வகுத்திருக்க முடியாது.

அவர் வாழ்ந்த இடமும் தனித்ததே. கிராணிமார் வீட்டு வரிசையில் அவருக்கு ஓர் வீடு. பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ தமிழகத்துப் பட்டணத்தவராகவோ அவர் இருப்பார். லயத்தாரோடு கலந்து அமர அவர் பதவி இடந்தரவில்லை; துரையின் மாளிகைக்கு அவர் பின்வாசல் வழியே போனவர். தம் மனத்தில் உள்ளதைச் சொல்லச் சமநிலையில் ஒருவர்கூட அத்தோட்டத்தில் இல்லாத டிரசர்கள் பலர்.

சட்டம் அவரை முறையாக ஏற்றுக்கொண்டது காலந்தாழ்த்தியே. 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் அவருக்குப் பதிவும் பெயரும் தந்தது. அவர் என்ன செய்யலாம், எந்தத் தகுதி வேண்டும் என்பன வரையறுக்கப்பட்டன. நோயாளியை இழந்த மறுநாள் அவர் எப்படிப் பணிக்கு வருவார் என்பதைச் சட்டம் எண்ணியிருக்க இயலாது. அக்காலத்தில் உலகில் எந்தச் சட்டமும் எண்ணவில்லை.

போர்க்காலம்

பேராக்கின் மருத்துவ வரலாற்றில் ஒளிவீசும் பெயர் சிபில் கார்த்திகேசு அம்மையாருடையது. 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த அவர், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றவர். 1919இல் இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். அவ்வாண்டே பிறந்த தலைமகன் 19 மணி நேரமே உயிரோடிருந்தான். பிறர் பிள்ளைகளை உலகுக்குக் கொண்டுவரும் கைகளுக்கு உரியவர் தம் பிள்ளையை இவ்வாறு இழந்த பிறகும், ஈப்போவில் புருஸ்டர் சாலையிலிருந்த கணவரின் மருந்தகத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பேறு பார்த்துவந்தார் என்பது நினைக்கத்தக்கது.

1941 டிசம்பரில் ஈப்போ குண்டுவீச்சுக்கு உள்ளானபோது குடும்பத்தினர் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினருக்கு அம்மையார் மருத்துவம் செய்தார். வானொலி கேட்டுச் செய்தி பரப்பினார். 1943இல் ஜப்பானிய இராணுவக் காவலர் அவரைப் பிடித்துக் கொடிய வதைக்கு உள்ளாக்கினர். அவர் தம்மிடம் வந்த நோயாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்து விடுதலையானபோது அவரால் நடக்க இயலவில்லை. பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை பெற்றார். ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே மறைந்தார். அவர் எழுதிய நினைவுக் குறிப்பு 1954இல் நூலாயிற்று. ஈப்போவில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அம்மையாரின் உடலில் விழுந்த காயங்களை உலகம் கண்டது, கண்டதனால் போற்றியது. அதே ஆண்டுகளில் பேராக்கின் தோட்டங்களில் எவர் கண்ணுக்கும் படாத காயங்களும் விழுந்துகொண்டிருந்தன. உலகின் கொயினாவுக்குப் பெரும் ஊற்றாயிருந்த ஜாவா ஜப்பானியர் கைக்குப் போயிருந்தும், தோட்டத்துப் புட்டிகள் காலியாகவே கிடந்தன. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. கால்களில் ஆறாப் புண்கள் பரவின. கட்டுத் துணிக்குப் பஞ்சம். நோயை அறிந்தும், மருந்தை அறிந்தும், மருந்தில்லாமல் கட்டிலருகே நின்றவர் டிரசர்.

சயாம் – பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாகப் பிடித்துச் செல்லப்பட்டபோது, டிரசர்கள் சிலரும் அவர்களுடன் அனுப்பப்பட்டனர். 1943இல் அம்முகாம்களில் வாந்திபேதி பரவியது. அவ்வாண்டு நடுவில் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து போர்க்கைதிகளான மருத்துவப் பணியாளரைக் கொண்ட ‘கே’ படை, ‘எல்’ படை என்னும் இரு குழுக்களை ஜப்பானியர் அங்கே அனுப்பினர். நிலைமையின் கொடுமைக்கு அதுவே சான்று. மீண்டுவந்த தொழிலாளரின் வாய்மொழிகள் ஓரளவு பதிவாகியுள்ளன. மீண்டுவந்த டிரசர் பதிவேட்டைத் திறந்து மறுபடியும் பெரட்டுக்குப் போனார் என்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது.

ஓர் இரவு

யான் பிறந்து வளர்ந்ததும் பேராக்கில் ஒரு தோட்டமே. அதன் பெயரும் அதை நடத்திய நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. 1960களின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு மூன்றாவது பிள்ளைப்பேறு. மாலையில் பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. மருத்துவச்சி டிரசரை அழைத்தாள். அவர் ஓட்டமாக வந்ததும், கையிலிருந்த மண்ணெண்ணெய் விளக்கு ஆடியதும் என் கண்முன் இன்றும் நிற்கின்றன. என் பாட்டி எங்களைக் கதவுக்குள் தள்ளித் தாழிட்டாள்.

பிறகு கேட்டறிந்தவை இவை. அவர் ஊசி போட்டார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், குருதி நிற்கவில்லை. பட்டணத்து மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்று ஆள்விட்டார். பால் ஏற்றும் லாரி வெளியே போயிருந்தது. துரையின் காரைக் கேட்கவேண்டும். அதைக் கேட்பதற்குள் அவர் சற்றுநேரம் தயங்கினார். முன்னொரு முறை கேட்டுப் பெற்று, பட்டணத்தில் ‘இதற்காகவா வந்தீர்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் அலுவலகத்தில் அவமதிக்கப்பட்டவர் அவர். இறுதியில் லாரி வந்தது. செம்மண் சாலை முடிந்து பெருஞ்சாலை ஏறுமுன்னே அப்பெண்ணின் உயிர் பிரிந்துவிட்டது. பிள்ளை பிழைத்தது.

இறந்தவளின் கணவர் அதன்பின் டிரசரிடம் பேசவில்லை. மருத்துவமனை வாசலைக் கடக்கவேண்டிய வழியை விட்டுப் பால்மரத்து நிரை நடுவே சுற்றிப் போனார். லயத்தில் ஆளுக்கொரு விதமாகப் பேசினர். அலுவலகம் ஒன்றும் கேட்கவில்லை. மரணம் பதிவாயிற்று, ஈமச் செலவுக்குப் பணம் கொடுத்தாயிற்று. டிரசரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பின் தலைவலி என்று போனவர்களைக்கூடப் பட்டணத்துக்கு அனுப்பத் தொடங்கினார் என்றும், பேறுகால வீட்டுக்குப் போகும்போது கை நடுங்கினார் என்றும் என் பாட்டி சொல்வாள். மாதந்தோறும் ஒரு டின் பால்மாவு அந்தக் குழந்தையை வளர்த்த கிழவியின் வீட்டுக்கு வந்தது. யார் அனுப்பியது என்று எவரும் கேட்கவில்லை, எல்லாரும் அறிந்திருந்தனர்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் ஈப்போவில் புந்தோங்கில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் அவரைக் கண்டேன். முதுமையால் தளர்ந்திருந்தார். யான் இன்ன தோட்டத்தான் என்று சொன்னதும் என் கையைப் பற்றிக்கொண்டார். நலம் கேட்கவில்லை. “தம்பி, அந்தப் புள்ள எப்படி இருக்கு?” என்றார். நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்றேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “புத்தகத்துல நான் எழுதினது ஒரே வரி, தம்பி. பேரு, வயசு, ரத்தப்போக்கு, இறப்பு. காரை முன்னாலேயே கேட்டிருந்தா பொழைச்சிருப்பாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாராச்சும் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்துச்சுன்னு கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் பரவாயில்ல.”

அந்தக் கணவரும் இறக்கும்வரை அதே வினாவைத் தம் மக்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். கார் முன்னதாகவே கிடைத்திருக்குமா என்ற ஒரே வினாவை இருவரும் நெஞ்சில் சுமந்து, ஒருவரையொருவர் தவிர்த்தே வாழ்ந்து முடித்தனர்.

பிறநாட்டார் கண்டது

இத்துன்பம் நமக்கே உரியதன்று. பேராசிரியர்களையும் அது விட்டதில்லை. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவக் காய்ச்சலைத் தாய்மாருக்குக் கொண்டுசெல்பவை மருத்துவரின் கழுவாத கைகளே என்று கண்டறிந்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்து மரணங்களை வெகுவாகக் குறைத்தார். கீல் நகரத்து மகப்பேற்று மருத்துவர் குஸ்தாவ் மிக்கேலிஸ் அதை ஏற்றுத் தம் மருத்துவமனையிலும் கைக்கொண்டார். ஆனால் தாம் பேறு பார்த்துப் பின் காய்ச்சலில் இறந்த தம் உறவுப்பெண்ணின் நினைவு அவரைத் துளைத்தது. அவளைக் கொன்றது தம் கையே என்று நம்பி மனமுடைந்து, 1848இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உண்மையை ஏற்க மறுத்த மருத்துவர் பலர் அமைதியாக வாழ்ந்தனர். உண்மையை ஏற்றவருக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லாது போயினர்.

இத்தகைய மனப்புண்ணுக்கு ஒரு பெயர் கிடைக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ, பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், தவறு நேரும்போது முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி, அவரை அடுத்து இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் அத்தவறுக்கு உட்பட்ட மருத்துவர் என்று எழுதினார். 2009இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸ்காட்டும் உடனாய்வாளர்களும் இத்தகைய அனுபவத்துக்கு உள்ளான 31 பேரை விசாரித்து, அவர்கள் கடக்கும் ஆறு நிலைகளை வகுத்தனர். முதலில் குழப்பம், பின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று ஓயாது மனத்துள் திரும்பத் திரும்ப ஓடும் காட்சி, உடன்பணியாளர் தம்மை இனி நம்புவரா என்ற ஏக்கம், விசாரணையைத் தாங்குதல், ஆறுதலுக்கு ஒருவரைத் தேடுதல், இறுதியில் பணியை விட்டு நீங்குதல், அல்லது புண்ணோடு பணியில் நிலைத்தல், அல்லது அதிலிருந்து கற்று வளர்தல். இவ்வரிசையைப் படித்தபோது எங்கள் தோட்டத்து டிரசரையாவே என் முன் வந்து நின்றார். அவருக்கு வாய்க்காதவை இரண்டு: விசாரணையும் ஆறுதலும்.

இக்கருத்துக்கு மறுப்பும் எழுந்துள்ளது. நோயாளியை இழந்த குடும்பத்தினர் சிலர், தவறு செய்தவரையும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்பது தங்கள் இழப்பை மறைப்பதாகும் எனக் கூறி, அச்சொல்லையே கைவிடுமாறு கேட்டனர். இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. எங்கள் லயத்தில் இறந்தவள் ஒரு தாய். அவளுக்குப் பின்னே தாயற்ற மூன்று பிள்ளைகள். அந்த இழப்புக்கு முன்னே டிரசரின் மனவேதனை இரண்டாவதே. ஆயினும் இரண்டாவதை மறுப்பதால் முதலாவது ஆறுவதில்லை. அந்தக் கணவருக்கு மறுக்கப்பட்டதும் டிரசருக்கு மறுக்கப்பட்டதும் ஒன்றே. என்ன நடந்தது என்பதை ஒளிவின்றிப் பேசும் ஓர் அவை கூடியிருந்தால், அவர் தம் மனைவியின் மரணத்தின் காரணத்தை அறிந்திருப்பார்; இவர் தம் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு, விதிகளின் பங்கு எவ்வளவு என்பதை அறிந்திருப்பார். லாரி ஒன்று எப்போதும் தோட்டத்தில் நிற்கவேண்டும் என்ற ஓர் ஒழுங்கு பிறந்திருக்கும். அடுத்த தாய் ஒருவேளை பிழைத்திருப்பாள்.

பெயரும் வேண்டா, பழியும் வேண்டா

நம் நாட்டில் அத்தகைய அவை கூடத்தான் செய்தது. 1991ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு, பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் மறைவடக்கமாக ஆராயும் முறையைத் தொடங்கியது. இறந்த தாயின் பெயரும் பேறு பார்த்தவரின் பெயரும் நீக்கப்பட்டு, நடந்தவை மட்டும் வல்லுநர் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. பெயரும் இல்லை, பழியும் இல்லை என்பதே அதன் நெறி. யார் செய்தார் என்று கேட்பதை நிறுத்தி, எங்கே தாமதம் நேர்ந்தது, எது கைக்கெட்டவில்லை, எதை மாற்றலாம் என்று கேட்டார்கள். பிள்ளை பிறந்தபின் நேரும் குருதிப்பெருக்கு தாய்மாரின் உயிரைக் கொள்ளும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது; பணியாளர்க்கு அதற்கென்று பயிற்சி அளிக்கவும் அது வழிசெய்தது. 2003இல் நோயாளர் பாதுகாப்புக்கென நாட்டளவில் ஒரு மன்றமும் அமைக்கப்பட்டது.

இவை போற்றத்தக்கவை. எனினும் தோட்டப்புறத்தைப் பொறுத்தமட்டில் காலம் கடந்திருந்தது. விடுதலைக்குப்பின் அரசு கிராமங்கள்தோறும் சுகாதார நிலையங்களையும் பேறுகால நிலையங்களையும் எழுப்பியபோது, தோட்டங்கள் தனியார் நிலம் என்பதனால் நெடுங்காலம் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. தோட்டங்களின் குடியிருப்பு, மருத்துவம் முதலிய வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த சட்டம் 1990இல் வந்தபோது, ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை எழுந்துகொண்டிருந்தது. லயங்கள் காலியாயின, நம் மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். மருத்துவமனைக் கட்டடங்கள் சில சரக்கறைகளாயின. சில கூரையிழந்து செடிகொடி படர்ந்து நிற்கின்றன. பெயரேடுகள் பல கறையானுக்கு இரையாயின.

பணியின் சுமை மட்டும் மறையவில்லை. இன்று ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் பிற மருத்துவமனைகளிலும் பணியாற்றும் மருத்துவர், தாதியர், மருத்துவ உதவியாளருள் தோட்டத்து வழித்தோன்றல்கள் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் இரவுப்பணி முடிந்து வீடு திரும்பி, உணவில் கை வைக்காமல் அமர்ந்திருந்தால், என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்த ஒரு வீடு அவருக்கு வேண்டும். நாம் அடக்கத்தின் பெயரால் கேளாதிருக்கப் பழகியவர்கள். டிரசரையாவை அன்று எவரும் கேட்கவில்லை. அக்கேளாமை மரியாதையன்று, அது அவரைத் தனிமையில் விட்டதேயாகும்.

எழுத்தாளராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தோட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவமனை உதவியாளர்களும் மருத்துவச்சிகளும் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் பீடோரிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்னும் சிலர் எஞ்சியிருக்கின்றனர். அவர்களிடம் சென்று, எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்பது எளிது. அதற்கு அவர்கள் மகிழ்ந்து விடையளிப்பர். காப்பாற்ற முடியாமற் போனவர்களைப் பற்றியும் கேட்கவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். சொல்லிமுடிக்கும்வரை எழுந்து போகாதிருக்கவும் வேண்டும். இழந்தோர் குடும்பத்தாரிடமும் சென்று அதே இரவைப் பற்றிக் கேட்கவேண்டும். இரண்டு வாக்குமூலங்களும் ஒரே ஏட்டில் பதிவாகும்போதுதான் அந்த ஒற்றை வரி முழு வரலாறாகும்.

புந்தோங்கில் அன்று விடைபெறும்போது டிரசரையா என்னிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அந்தப் பெண்ணிடம், அவள் பிறந்த இரவில் தாம் அங்கே இருந்ததாகச் சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். அவள் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவர் வீடு எங்கண்ணே இருக்கு?” என்று கேட்டாள். முகவரி எழுதிக் கொடுத்தேன். அவள் போனாள் என்றும், இருவரும் ஒரு பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தனர் என்றும் பின்னர் அறிந்தேன். என்ன பேசினர் என்று யான் கேட்கவில்லை.